பழைய டேப் டிரைவ் மக்கர் செய்தால்

அலமாரியில் ஒரு பெட்டி நிறைய பேக்கப் டேப், பக்கத்திலேயே அவற்றை எழுதிய பழைய கணினி. 1990-களின் கடைசியில் யாரோ பத்திரப்படுத்திய கணக்குகளோ, அச்சுக்குப் போன பக்கங்களோ, ஆராய்ச்சித் தரவோ அதில் இருக்கிறது, இப்போது வேண்டியிருக்கிறது. மெஷினை ஆன் செய்து டேப்பை உள்ளே தள்ளிப் பார்க்கத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். இருபது வருடம் ஓடாமல் கிடந்த டிரைவ் டேப்பைச் சிக்கவைத்துக் கசக்கினால், அந்தத் தகவலுக்கு வேறு பிரதி கிடையாது. டிரைவ் கெட்டால் இன்னொன்று வாங்கலாம். ஆகவே நாம் சந்தேகப்பட வேண்டிய வரிசை: மின்சாரம், கேபிள், கார்டு, டிரைவ். இவை எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் டேப்பை எடுக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் டிரைவ் என்றால் டேப் டிரைவ். ஹார்டு டிஸ்க்கைச் சொல்ல வேண்டிய இடத்தில் அப்படியே பெயர் சொல்லிவிடுகிறேன்.

கையில் இருப்பது எந்த வகை?

அந்தக் காலத்துச் சிறு சர்வர்களிலும் ஒர்க்ஸ்டேஷன்களிலும் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இரண்டு வகை. உள்ளங்கையில் அடங்கும் சின்ன கேட்ரிட்ஜ் என்றால் அது டிடிஎஸ். பாட்டுப் பதிவுக்காக 1987-ல் வந்த டாட் டேப்பை சோனியும் எச்பியும் 1989-ல் கணினிக்குக் கொண்டுவந்தபோது வைத்த பெயர் அது. டேப்பின் அகலம் 4 மி.மீ. டிடிஎஸ்-2 என்றால் 4 ஜிபி, டிடிஎஸ்-3 என்றால் 12, டிடிஎஸ்-4 என்றால் 20, டாட் 72 என்றால் 36. அட்டையில் இதைப்போல இரண்டு மடங்கு அச்சிட்டிருப்பார்கள். தரவு பாதியாகச் சுருங்கிவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களை எழுதினால் பாதியிலேயே டேப் நிரம்பிவிட்டதாகச் சொல்லும். அதைப் பழுது என்று எண்ணி டிரைவைக் கழற்றியவர்கள் உண்டு.

கையளவு நீளத்தில், அடியில் அலுமினியத் தகடு போட்ட கனமான கேட்ரிட்ஜ் என்றால் அது கால் அங்குல டேப், க்யூஐசி என்பார்கள். 3எம் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த வடிவம். டிசி 600, டிசி 6150 என்றெல்லாம் எண் போட்டிருக்கும். இதன் சங்கடங்கள் வேறு மாதிரி என்பதால் தனியாகப் பிறகு பார்ப்போம்.

புதிய டிரைவ் எல்லாப் பழைய டேப்பையும் படிக்கும் என்று நினைத்துக் காசு செலவழிக்காதீர்கள். டாட் 72 டிரைவ் டிடிஎஸ்-4, டிடிஎஸ்-3 டேப்களைப் படிக்கும். அதற்கும் முந்தையதற்கு உத்தரவாதமில்லை. தலைகீழாக, டிடிஎஸ்-2 டிரைவில் டிடிஎஸ்-3 டேப்பைப் போட்டால் சற்று நேரம் முனகிவிட்டு வெளியே துப்பிவிடும்.

தொடுவதற்கு முன்

டேப்பின் பூட்டை முதலில் போடுங்கள். டிடிஎஸ் கேட்ரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். துளை திறந்திருந்தால் எழுத முடியாது. க்யூஐசி-யில் ஒரு திருகு, அதில் அம்புக்குறி. அம்பு ‘சேஃப்’ என்ற பக்கம் பார்க்க வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி வகையறாக்களில் இருக்கும் பேக்கப் நிரல், அறியாத டேப்பைக் கண்டால் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று பணிவாகக் கேட்கும். அவசரத்தில் ‘ஓகே’ தட்டினால் டேப்பின் தலைப்பகுதி போச்சு.

ஏசி அறையிலிருந்தோ, வேறு ஊரிலிருந்தோ வந்த டேப்பையும் டிரைவையும் ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் கிடக்க விடுங்கள். டிரைவுக்குள் டேப் சுற்றி ஓடும் டிரம் குளிர்ந்திருக்கும்போது அதன் மேல் கடற்கரை ஊர்க் காற்று பட்டால் ஈரம் படியும். ஈர டிரம்மில் டேப் ஒட்டிக்கொண்டால் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

போனாலும் கவலையில்லாத டேப் ஒன்றாவது அதே வகையில் கையில் இருக்க வேண்டும். இனி வரும் சோதனைகள் எல்லாம் அதில்தான். வாங்கும்போது கணினிக்கான டேப்பா என்று பாருங்கள். பாட்டு டாட் கேட்ரிட்ஜ் பார்வைக்கு அச்சு அசல் இதே மாதிரிதான் இருக்கும். ஆனால் கணினி டேப்பின் தொடக்கத்தில் டிரைவ் அடையாளம் காண்பதற்கென்று கோடுகள் உண்டு. பல டிரைவ்கள் அந்தக் கோடில்லாத டேப்பைப் பூட்டிய டேப்பாகவே நடத்தும், எழுத விடாது.

மின்சாரம்

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய எஸ்எம்பிஎஸ்-இல் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். மல்டிமீட்டரை வைத்து, டிரைவ் டேப்பை உள்ளிழுக்கும் நேரத்தில் 12 வோல்ட் கம்பியைப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது 11.4-க்குக் கீழே இறங்கினால் எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்றிவிட்டு மறு வேலை பாருங்கள். 5 வோல்ட் கம்பி 4.75-க்குக் கீழே போகக் கூடாது. டேப் போடும்வரை கணினிக்குத் தெரிந்த டிரைவ், டேப் போட்டவுடன் காணாமல் போகிறதென்றால் முதல் குற்றவாளி இதுதான்.

ஸ்கஸி: பாதிப் பிரச்சினை இங்கேதான்

பெரும்பாலான நல்ல டிரைவ்கள் ஸ்கஸி என்ற இணைப்பு முறையின் கேபிளில் தொங்குபவை. அடாப்டெக் 2940 போன்ற ஒரு கார்டு, அதிலிருந்து பட்டையான கேபிள், கேபிளில் ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், டேப் டிரைவ் என்று வரிசையாக. இதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வேண்டும். 50 பின் கேபிளில் 0 முதல் 7 வரை. 68 பின் கேபிளில் 15 வரை. வழக்கமாக 7 கார்டுக்கு உரியது. டிரைவின் முதுகில் இருக்கும் ஜம்பர்களால் எண்ணை மாற்றலாம்.

கணினி ஆன் ஆகும்போது கார்டு தன் பட்டியலைத் திரையில் காட்டும். அடாப்டெக் என்றால் அந்த நேரத்தில் கன்ட்ரோலும் ‘ஏ’-வும் சேர்த்து அழுத்தினால் கார்டின் அமைப்புப் பக்கம் திறக்கும். பட்டியலில் டிரைவே இல்லையா? கேபிளும் மின்சாரமும் சரியாக இருந்தால், இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டிரைவ் எல்லா எண்ணிலும் வரிசையாகத் தெரிகிறதா? டிரைவுக்கும் கார்டுக்கும் ஒரே எண். அதாவது யாரோ டிரைவின் மூன்று ஜம்பரையும் போட்டு 7 ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இதைவிடத் தொல்லை தருவது டெர்மினேட்டர். ஸ்கஸி கேபிளில் ஓடும் சைகை கடைசி முனைக்குப் போனதும் அங்கே அதை விழுங்க ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் கிணற்றுக்குள் கத்திய குரல் போலத் திரும்பி வந்து அடுத்த சைகையோடு மோதும். விழுங்கும் வேலையைச் செய்வது டெர்மினேட்டர். கேபிளின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்றும் கூடாது. கணினிக்குள் மட்டும் கருவிகள் இருந்தால் கார்டு ஒரு முனை, கேபிளின் கடைசிக் கருவி மறு முனை. வெளியேயும் ஒரு பெட்டியை மாட்டியிருந்தால் கார்டு நடுவில் வந்துவிடும். அப்போது கார்டில் இருப்பதை அணைக்க வேண்டும். பழைய டிடிஎஸ்-2 டிரைவ்களில் டெர்மினேட்டர் டிரைவின் பலகையிலேயே இருக்கும்: சீப்பு மாதிரிக் கால்களோடு குத்தி வைத்த ரெசிஸ்டர் பட்டைகளாகவோ, ஒரு ஜம்பராகவோ. டிடிஎஸ்-4, டாட் 72 காலத்து டிரைவ்கள் எல்விடி என்ற பிந்தைய ஸ்கஸி வகை, அவற்றில் அது கிடையாது. கேபிள் முனையில் தனியாக மாட்ட வேண்டும். பழைய டிரைவைக் கழற்றிப் புதியதை மாட்டியவர் இதைக் கவனிக்காமல், “டிரைவ் டெட் சார்” என்று சொல்லிவிட்டுப் போவது வெகு சகஜம்.

டெர்மினேட்டர் கோளாறின் அடையாளம் குழப்பமானது. டிரைவ் பட்டியலில் அழகாகத் தெரியும், பெயரும் பதிப்பெண்ணும் சரியாக வரும். பெரிய கோப்பைப் படிக்கவோ எழுதவோ தொடங்கியதும் தொங்கிவிடும். பெயர் கேட்கும் சின்னச் சின்னக் கேள்வி பதில்கள் நிதானமாகப் போகும். தரவு ஓடும்போதுதான் கேபிள் முழு வேகத்துக்கு வரும். சோதிக்க எளிய வழி: கார்டின் அமைப்புப் பக்கத்தில் அந்த டிரைவின் எண்ணுக்கு வேகத்தை நொடிக்கு 5 எம்பி-க்குக் குறையுங்கள். உடனே ஒழுங்காக ஓடினால் டிரைவின் மேல் தப்பில்லை. கேபிளையும் டெர்மினேட்டரையும் மாற்றுங்கள். அவசரமென்றால் அந்தக் குறைந்த வேகத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். டிடிஎஸ்-3 டிரைவ் நொடிக்குக் கொடுப்பதே சுமார் 1 எம்பிதான், நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஓர் எச்சரிக்கை. டிரைவின் முதுகில் ‘டிஃப்’ என்றோ ‘எச்விடி’ என்றோ இருந்தால் அது வேறு மின்னழுத்தத்தில் பேசும் வகை. சாதாரண ஸ்கஸி கார்டில் மாட்டினால் ஓடாது. டிரைவ், கார்டு இரண்டில் ஒன்று கெடவும் வாய்ப்பு உண்டு. இணைப்பான் அப்படியே பொருந்திவிடும் என்பதுதான் வம்பு.

டிரைவ் என்ன சொல்கிறது?

என் அபிப்பிராயத்தில் இந்த வேலைக்கு லினக்ஸ்தான் தோது. அடாப்டெக்கின் பழைய கார்டுகளுக்கான டிரைவர் அதில் இன்னும் இருக்கிறது. டிரைவ் சொல்லும் புகாரை மறைக்காமல் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். விண்டோஸ் அதே புகாரை ‘சாதனம் வேலை செய்யவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும்.

பதிவேட்டில் வரும் சொற்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். ‘யூனிட் அட்டென்ஷன்’ என்பது பழுது இல்லை. மின்சாரம் வந்தது, டேப் மாறியது என்று ஒரு முறை தெரிவிப்பது. திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் டிரைவ் நடுவில் அணைந்து அணைந்து எரிகிறது என்று பொருள், எஸ்எம்பிஎஸ்-க்குத் திரும்புங்கள். ‘அபார்ட்டட் கமாண்டு’, அதிலும் கூடவே பாரிட்டி என்ற சொல் வந்தால், கேபிள். ‘டேட்டா புரொடெக்ட்’ என்றால் டேப்பின் பூட்டு போட்டிருக்கிறது. ‘பிளாங்க் செக்’ என்றால் எழுதிய பகுதி முடிந்துவிட்டது, அல்லது டேப்பே வெற்று. ‘ஹார்டுவேர் எரர்’ என்றால் டிரைவின் உள்ளே மோட்டாரோ டிரம்மோ. வேறு டிரைவ் தேடுங்கள்.

‘மீடியம் எரர்’தான் பொல்லாதது. டேப் கெட்டிருந்தாலும் இதுதான் வரும், டேப்பைப் படிக்கும் ஹெட் அழுக்காக இருந்தாலும் இதுதான் வரும். பிரித்தறிய ஒரு வழி உண்டு. சோதனை டேப்பை இரண்டு மூன்று தடவை முழுக்கப் படிக்க விட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் அந்த டேப்பில் அந்த இடம் கெட்டது. இடம் மாறி மாறி நின்றால் குறை டிரைவில், பெரும்பாலும் ஹெட்டில்.

ஹெட் துடைப்பது

டிடிஎஸ் டிரைவின் ஹெட் நிலையானது அல்ல. வேகமாகச் சுழலும் ஒரு டிரம்மில் பதிந்திருக்கும். டேப் அதைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு போகும். டிடிஎஸ்-3 எழுதும் ஒரு தடத்தின் அகலம் 9.1 மைக்ரான். அந்த அளவில், டேப்பிலிருந்து உதிரும் பொடி துளி ஒட்டினாலும் ஹெட்டுக்குக் கண் மறைத்துவிடும்.

எச்பி டிரைவ்களில் ஆரஞ்சு விளக்கு மெதுவாக மின்னினால் சுத்தம் செய்யச் சொல்கிறது. சுத்தம் செய்யும் கேட்ரிட்ஜைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் தானே வெளியே வந்துவிடும். அதில் இருக்கும் நாடா ஒவ்வொரு முறையும் கொஞ்சம் முன்னால் நகரும், திரும்பச் சுற்றாது. சுமார் 50 முறைக்கு மேல் உதவாது. அதனால்தான் அதன் மேல் குறித்து வைக்கக் கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் தூங்கிய டிரைவுக்கு ஒரு முறை போதாது, அடுத்தடுத்து மூன்று நான்கு முறை போடலாம். விளக்கு மின்னாமல் நிலையாகவே எரிந்தால் அது சுத்தத்தில் தீராது.

கேட்ரிட்ஜ் கிடைக்காமல் கையால் துடைக்க நேர்ந்தால், வீடியோ டெக் ரிப்பேர் பார்த்த பழைய மெக்கானிக் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். அதே வேலைதான், அளவு மட்டும் சிறியது. நீங்களே செய்வதென்றால் பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம், அதன் இழை ஹெட்டின் முனையில் மாட்டும். நூல் பிரியாத துணியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மின் மேல் விளிம்பை மெல்லச் சுழற்றுங்கள். துணியை மேலும் கீழும் இழுத்தால் ஹெட் முனை ஒடியும். ஒடிந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூட முடியாது.

டேப் உள்ளேயே சிக்கிக்கொண்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள். வெளியேற்றும் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பல டிரைவ்கள் நடப்பதை எல்லாம் நிறுத்திவிட்டு, டேப்பைச் சுருட்டி வெளியே தள்ளும். அதுவும் நடக்காவிட்டால் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைக் கழற்றி, டேப்பை ஏற்றும் மோட்டாரின் தண்டைக் கையால் திருப்பி அங்குலம் அங்குலமாக விடுவிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கால் அங்குல டேப்பின் ரப்பர்

க்யூஐசி டிரைவின் ஹெட் அசையாத ஹெட், துடைப்பது சுலபம். அதன் எமன் ரப்பர். டிரைவுக்குள் மோட்டார் தண்டில் ஒரு ரப்பர் உருளை இருக்கும். அது கேட்ரிட்ஜில் தெரியும் பிளாஸ்டிக் உருளையை உரசி ஓட்டும். ஆர்க்கைவ், வாங்டெக் போன்ற பழைய டிரைவ்களின் கதவைத் திறந்து அந்த உருளையை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். நல்ல ரப்பர் உலர்ந்து கெட்டியாக இருக்கும். பலவற்றில் விரல் அழுந்தும், கருப்பாகப் பிசின் ஒட்டும். சிலவற்றில் உருகித் தண்டை விட்டு வழிந்திருக்கும். அந்த நிலையில் டேப்பைப் போட்டால் தார் கேட்ரிட்ஜுக்குள் ஏறும்.

அந்தப் பிசினை ஆல்கஹாலில் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, சரியான அளவு சிலிகான் குழாயையோ, சூடுபட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை அடுக்கடுக்காகவோ மாட்டலாம். முந்தைய உருளையின் விட்டத்துக்கு ஒட்டி வர வேண்டும், ஏனென்றால் டேப் ஓடும் வேகம் அந்த விட்டத்தைப் பொறுத்தது. நல்ல நிலையில் இருக்கும் இன்னோர் உருளையை வெர்னியரில் அளந்து வைத்துக்கொள்வது உத்தமம்.

கேட்ரிட்ஜுக்குள்ளும் ஒரு ரப்பர் உண்டு: இரண்டு சுருளையும் சுற்றி இழுத்துப் பிடிக்கும் மெல்லிய பட்டை. அது நைந்து தளர்ந்திருக்கும், அல்லது டேப்பிலேயே ஒட்டிக்கொண்டு மேற்பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். டிரைவில் போடுவதற்கு முன் கேட்ரிட்ஜின் உருளையைக் கட்டைவிரலால் அரைச் சுற்று நகர்த்திப் பாருங்கள். பட்டை வழுக்கினாலோ, டேப் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு பிரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். இன்னொரு கேட்ரிட்ஜின் நல்ல பட்டையை மாற்றிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

டேப்பின் இரு நுனியும் சுருளில் கட்டப்பட்டிருக்காது என்பது பலருக்குத் தெரியாது. வெறும் பிடிமானத்தில் நிற்கிறது. டேப்பின் நுனிப் பகுதியில் சின்னத் துளைகள் குத்தியிருப்பார்கள். அவற்றின் வழியே வரும் ஒளியைப் பார்த்துத்தான் டிரைவ் மோட்டாரை நிறுத்துகிறது. அந்த ஒளி உணரியில் தூசி படிந்திருந்தால் டிரைவ் நிற்காது, டேப் முழுவதும் சுருளை விட்டுக் கழன்று ஓடிவிடும். ஆகவே ஹெட்டைத் துடைக்கும் கையோடு உணரியையும், கேட்ரிட்ஜில் இருக்கும் சின்னக் கண்ணாடியையும் துடையுங்கள். டேப் ஓட ஆரம்பித்ததும், ஒரு முறை கடைசிவரை சுற்றித் திரும்பச் சுற்றுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த சுருளின் இறுக்கம் அதில் சீராகும்.

படிப்பது

சோதனை டேப்பை எழுதி, படித்து, ஒப்பிட்டாயிற்று. இப்போது நிஜ டேப். உள்ளே என்ன கோப்பு இருக்கிறது என்று ஆராயாதீர்கள். முதலில் டேப்பில் இருப்பதை இருக்கிறபடி ஹார்டு டிஸ்க்குக்கு இறக்குங்கள். ஒரே ஓட்டம். ஆராய்ச்சி எல்லாம் அந்தப் பிரதியில்.

லினக்ஸில் டேப்புக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 என்று கூப்பிட்டால் வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். என்எஸ்டி0 என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு டேப்பில் பல தொகுப்புகள் அடுத்தடுத்து இருக்கும். முதல் பெயரில் கூப்பிட்டால் எப்போதும் முதல் தொகுப்பே வரும். டேப்பில் அவ்வளவுதான் என்று நினைத்துவிடுவோம். இரண்டாவது பெயரில், டிடி நிரலை வைத்து, ஒவ்வொரு தொகுப்பாகப் புதுக் கோப்பில் இறக்கிக்கொண்டே போங்கள்.

‘கெனாட் அலோகேட் மெமரி’ என்று வந்தால் ராம் வாங்க ஓட வேண்டாம். டேப்பில் எழுதிய கட்டம் நீங்கள் கேட்ட கட்டத்தைவிடப் பெரியது, அவ்வளவுதான். எம்டி நிரலால் கட்ட அளவை 0 ஆக்குங்கள். அப்போது எந்த அளவில் எழுதியிருந்தாலும் டிரைவ் அப்படியே கொடுக்கும். படிக்கும் அளவை 64 கேபி, அது போதாவிட்டால் 256 கேபி என்று ஏற்றுங்கள். இறங்கியதை டார் நிரலோ, விண்டோஸ் பேக்கப் வடிவத்தை அறிந்த நிரலோ பிரித்துக்கொள்ளும்.

நடுவில் பிழை வந்தால் ஒரு தடவை சுத்தம் செய்து இன்னொரு தடவை முயலலாம். அதற்கு மேல் அதே இடத்தில் முன்னும் பின்னும் இழுக்க விடாதீர்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பூச்சு கொஞ்சம் உதிர்கிறது.

நல்ல டிரைவ் என்று சோதித்த ஒன்றிலேயே ஒரு டேப் படிக்கவில்லை, மற்ற டேப்கள் படிக்கின்றன என்றால், அதை எழுதிய டிரைவின் டிரம் கோணம் சற்றே பிசகியிருக்கலாம். பிசகிய டிரைவ் தான் எழுதியதைத் தானே பிழையில்லாமல் படிக்கும், வேறெதிலும் படிக்காது. மூலையில் போட்ட அந்தப் பழைய டிரைவைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரப்பரை மாற்றியோ, சுத்தம் செய்தோ, ஒரு முறை ஓடும் அளவுக்கு உயிர் கொடுத்தால் போதும்.

அதுவும் பலிக்காமல் தரவு மீட்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால், டேப்போடு ஒரு காகிதம் வையுங்கள்: எந்தக் கணினி, எந்த டிரைவ், எந்த நிரலால் எழுதியது, சுமாராக எந்த ஆண்டு, கடைசியாக டிரைவ் சொன்ன புகார் என்ன. டேப்பின் மேல் ஒருவேளை புதிதாக ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அதை முதல் வரியாகவே எழுதுங்கள். புது எழுத்தின் முடிவில் விழும் குறியைத் தாண்டி எந்தச் சாதாரண டிரைவும் படிக்காது. அதற்குப் பின்னால் பழையது அப்படியே இருக்கலாம், அதை எடுக்க அவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.